சர்வே நாள் நண்டு

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உங்கள் காலுக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. இவள் சும்மா இருக்க மாட்டாள், எதைக் கண்டாலும் நோண்டிப் பார்ப்பாள். இல்லை இல்லை, உங்களைக் குறை சொல்லவில்லை. உள்ளே இருப்பது ஃபார்மலின்தானே? மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் பஸ் படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மீன் கூடை, மல்லிகைப்பூ, டீசல் எல்லாவற்றையும் தாண்டி அந்த வாடை என் மூக்கைத் தேடி வந்துவிடும்.

பிளாங்க்டன்தானே?

பார்த்தீர்களா, இப்படித் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். மடியில் பிள்ளையும் கையில் தூக்குவாளியுமாக இருக்கிறவள் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் யாரிடமும் வலியப் பேசுகிறவள் இல்லை. எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். ஜெனிட்டாவா, அவள் வாயில் கொழுக்கட்டை அல்லவா வைத்திருப்பாள் என்பார்கள். மீன் ஆபீசுக்குத்தானே போகிறீர்கள்? நாங்கள் அப்படித்தான் சொல்வோம், போர்டில் ஆராய்ச்சி நிலையம் என்று நீளமாக எழுதியிருக்கும். படிக்கவா, வேலைக்கா? படிக்க. நல்லது. நிறுத்தம் வர நேரமிருக்கிறது. உப்பளம் முழுக்கத் தாண்ட வேண்டும்.

அங்கே கோமதி என்று ஒரு டெக்னீஷியன் இருக்கிறாள். கண்ணாடி போட்டவள். வாயில் எந்நேரமும் ஏலக்காய் கிடக்கும். நன்றாகச் சிரித்துப் பேசுவாள். அவளிடம் கவனமாக இருங்கள். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்பு நானும் அக்கா, அக்கா என்றுதான் அவள் பின்னால் சுற்றினேன். இப்போது அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். கூடப் பிறந்தவளாக நினைத்தவள் கழுத்தறுத்தால் அப்புறம் என்ன அக்கா?

நான் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவத்தான் போனேன். எங்கள் வீட்டுக்காரர் படகைத்தான் சர்வேக்கு வாடகைக்கு எடுத்தார்கள். அலங்கார மாதா என்று முகப்பில் எழுதியிருக்கும், ஃபைபர் படகு. படகு போகிற இடத்தில் பெண்டாட்டிக்கும் ஒரு வேலை கேட்டு வாங்கினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு யார் கொடுப்பார்கள்? அந்த மட்டுக்கும் அவர் நல்லவர்தான்.

கல்யாணமான புதிதில் நானும் கோமதியும் அந்தப் படகிலேயே கடலுக்குப் போயிருக்கிறோம். எங்கள் ஊரில் பொம்பளை ஏறின படகுக்கு வலையில் ஒன்றும் விழாது என்பார்கள். இவர்தான், இது மீன் பிடிக்கிற படகா, தண்ணி பிடிக்கிற படகுதானே, ஏறுங்க என்று சொல்லிவிட்டார். கரையில் கிழிந்த வலை பொத்துகிற ஆட்களுக்கு எங்களைக் கண்டாலே கேலிதான். கடலில் மூன்று இடம் குறித்து வைத்திருப்பார்கள், ஸ்டேஷன் என்று பெயர். கரை ஸ்டேஷன், தீவு ஸ்டேஷன், தீவையும் தாண்டி ஆழ ஸ்டேஷன். "ஏ ஜெனிட்டா, ஆழ ஸ்டேஷன்ல ரயிலு நிக்குமா, நிக்காம போயிருமா?" என்று கேட்பார்கள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விடுவேன். கோமதிதான் நின்று, "நிக்கும் அண்ணாச்சி, நீங்க டிக்கெட் எடுத்துட்டு வாங்க" என்பாள். அவளுக்கு அந்தச் சின்னப் படகு ஒத்துக்கொள்ளாது, தீவு வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு மறுபடி வலைக் கயிற்றைப் பிடிப்பாள்.

அந்த வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் சொல்கிறேன், சொல்லி ரொம்ப நாளாகிறது. மாவு சலிக்கிற துணியைவிட நைசான துணியில் கூம்பு மாதிரி வலை. வாலில் ஒரு குப்பி. படகை நடை வேகத்தில் விட்டு இழுக்க வேண்டும், வேகமாகப் போனால் பிளாங்க்டன், அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள், நசுங்கிவிடும். தூக்கினதும் வெளிப்பக்கத்திலிருந்து கடல் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். துணியில் ஒட்டினதெல்லாம் குப்பிக்கு இறங்கிவிடும். அதைப் பாட்டிலில் விட்டு, ஃபார்மலின் ஊற்றி, எந்த ஸ்டேஷன் என்று பென்சிலில் எழுதின சீட்டை உள்ளேயே போட்டு மூட வேண்டும். மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. சீட்டை எழுதுவதும் போடுவதும் அந்த இடத்திலேயே நடக்க வேண்டும், படகு நகரக்கூடாது. அது கோமதி போட்ட சட்டம்.

ஒரு நாள் பிரிக்கிற வேலைக்கு ஆள் வரவில்லை. கழுவிக்கொண்டிருந்தவளைக் கையைத் துடைக்கச் சொல்லி மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தாள். வெறும் கலங்கல் தண்ணீர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தால், மாதாவே, கொம்பு வைத்தது, மீசை வைத்தது, கண்ணாடியில் ஊதிச் செய்தது மாதிரி உள்ளே குடல் தெரிகிறது! ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளி வகை வகையாகப் பிரிக்க வேண்டும், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். அப்புறம் என்னைக் கழுவ அனுப்பவில்லை. அந்த ஸ்டூல் எனக்கே என்று ஆகிவிட்டது.

உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நான் ஆள் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன், தங்கச்சி. மாமியார் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். அங்கே பார்ப்பதுதான் வேலை. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் என்னட்டி முறைக்கே என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் இவள் பிறந்தாள். பால் குடிக்கிற பிள்ளையோடுதான் திரும்பப் போனேன். ஃபார்மலின் வாடை பிள்ளைக்காரிக்கு ஆகாது என்று கோமதி என் ஸ்டூலை ஜன்னல் பக்கம் போட்டாள். எனக்கு வருகிற பாட்டிலை மட்டும் சல்லடையில் ஊற்றி, நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை அலசித்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். பக்கத்துச் சாமான் அறையில் தொட்டில் கட்ட இடம் ஒதுக்கினாள். இப்போது நினைத்தால் அறுக்கப் போகிற ஆட்டுக்குத் தழை போட்டது மாதிரி இருக்கிறது. அப்போது தெரியுமா?

அந்தச் சமயம் பார்த்து அவளைப் பெரிய கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆழ்கடலுக்கு, மாதக்கணக்கில். எனக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் படகில் போக வழியில்லை. சர்வேயை நிறுத்தவும் முடியாது. எங்கள் வீட்டுக்காரர்தான் ஆபீஸ் பெரிய சாரிடம் போய், வலையைப் போட்டு இழுக்கிறதுதானே சார், என்ன பெரிய வித்தை, நானே பார்த்துக்கிடுதேன் என்றார். சாரும் சரி என்றார். கோமதி மட்டும் போகும்போது என்னிடம், "ஏட்டி, சீட்ட மட்டும் அவர அங்கேயே எழுதிப் போடச் சொல்லு" என்றாள். எங்கள் வீட்டுக்காரருக்குப் பென்சில் பிடித்தால் விரல் நோகும். அதனால் முதல் நாளே அடுப்படியில் உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். கரை, தீவு, ஆழம். அவர் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.

அந்த சீசனில் அவர் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். சர்வேக்குப் போன அன்றைக்கெல்லாம் நண்டு வரும். நீலக்கால் நண்டு, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். மிளகைத் தட்டிப் போட்டுச் சாறு வைக்கச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து காலை உடைத்து உடைத்துத் தட்டில் வைப்பார். "தின்னுட்டி, பால் ஊறும்." மிச்சத்தைத்தான் ஏலத்துக்குக் கொண்டுபோவார். எதற்கு நண்டு வலை என்று ஒரு தடவை கேட்டேன். போகிற வழியில் போட்டுவிட்டு வருகிற வழியில் எடுக்கிறதுதானே என்றார். சரிதானே? நேரத்தோடு திரும்பியும் விடுவார். நாங்கள் போன காலத்தில் பொழுது சாய்ந்துதான் கரை சேருவோம். இவர் வெயில் ஏறுமுன்னே வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பொம்பளைகள் இருந்தால் எல்லாம் சுணங்கும்தானே.

பாட்டில்களை வீட்டுக்குத்தான் கொண்டுவருவார், மறுநாள் நான்தான் ஆபீசுக்கு எடுத்துப் போய்ப் பிரிப்பேன். நண்டுக் குஞ்சு பார்த்திருக்கிறீர்களா? நண்டு மாதிரியே இருக்காது. நெற்றியில் ஒரு முள், முதுகில் ஒரு முள், முகம் முழுக்கக் கண். பிறந்த பிள்ளை முழிக்கிற மாதிரி முழிக்கும். கரைப் பாட்டிலில் அது எப்போதும் நிறைய வரும். ஆழப் பாட்டில் என்றால் அம்பு மாதிரி நீட்டமாக ஒரு கண்ணாடிப் புழு வரும், நண்டுக் குஞ்சு தேட வேண்டியிருக்கும். அந்த சீசனில் எல்லாப் பாட்டிலிலும் நண்டுக் குஞ்சுதான். கரையிலும் அதுதான், ஆழத்திலும் அதுதான். அம்புப் புழுவைக் காணோம். எனக்குச் சந்தோசம்தான். இவளை மாதிரியே முழிக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டில் வந்து அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் சிரித்துவிட்டு, இந்த வருசம் கடல் முழுக்க நண்டுதான், அதான் உனக்கும் வருது என்றார். நான் அப்படியே பிரித்து வைத்தேன். பார்த்ததைத்தான் பிரித்தேன், தங்கச்சி. நான் ஒன்றைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

கோமதி கப்பலிலிருந்து வந்தாள். வந்த மறுநாளே அலமாரியிலிருந்து அந்த சீசன் பாட்டிலையெல்லாம் எடுத்துவைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க ஏலக்காய்கூடப் போடவில்லை. என் பக்கம் ரெண்டு மூன்று தடவை திரும்பினாள். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டிருக்கலாம் இல்லையா? தனியாக, தொட்டில் பக்கத்தில் வந்து, இது என்னட்டி என்று? ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். இவளுக்கு முதல் மொட்டை போட்டபோது தாய்மாமன் இல்லாத குறைக்கு வந்து நின்றவள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்னவாவது சொல்லியிருப்பேன்.

கேட்கவில்லை. நேரே சாரிடம் போனாள்.

சார் அறைக்கு என்னையும் எங்கள் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். மேசை மேல் பாட்டில்கள் வரிசையாக இருந்தன, உள்ளே என் கையெழுத்தில் சீட்டு. சார் நல்ல மனிதர், குரல் உயர்த்த மாட்டார். கிளாட்வின், ஆழ ஸ்டேஷனுக்குப் போனீங்களா என்று கேட்டார். போனேன் சார் என்றார் இவர். அப்போ எல்லாத்திலயும் கரைத் தண்ணி இருக்கே, எப்படி என்றார். இடத்தைக் காட்டுகிற கருவி இருக்குமே, அதைக் கேட்டார். பேட்டரி போச்சு என்றார் இவர். சார் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

அப்போதுதான் கோமதி என் பக்கம் திரும்பினாள். இத்தனை ஆம்பளைகள் இருக்கிற இடத்தில், என்னை. நான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஜெனிட்டா, இத ஒவ்வொண்ணா பிரிச்சது நீதான. ஆழப் பாட்டில்ல அம்புப் புழு இருந்துதா? நீ பாத்ததச் சொல்லு, வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

நான் தரையைப் பார்த்தேன். மொசைக் தரை, பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளி.

"சார், அவகிட்ட என்ன கேக்கிய," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "புள்ள பெத்ததுல இருந்து அவ ஒரு நிலையில இல்ல. வீட்டுல வச்சி அடிக்கடி மத்த பாட்டில கவுத்துக் கொட்டியிருப்பா. பயந்துபோயி, கரைப் பாட்டில்ல இருந்தத எல்லாத்துலயும் பங்கு வச்சி ஊத்தியிருப்பா. அவளுக்கு அவ்வளவுதான் கூறு. நான் வைதுக்கிடுதேன், நீங்க மனசுல வைக்காதிய."

சார் என்னைப் பார்த்து, அப்படியாம்மா என்றார்.

என் தலை ஆடிவிட்டது. நான் ஆட்டவில்லை. அதுவாக ஆடிவிட்டது.

அவர் வேறு என்ன சொல்வார், சொல்லுங்கள்? படகு வாடகை போய்விடும் இல்லையா? படகு போனால் வீடு என்னாவது? பொம்பளை வேலை போனால் அடுப்பு எரியும், படகு போனால் எரியாது. அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு ஒரு சேலைகூட எடுத்துக் கொடுத்தார். ரோஸ் கலர். இன்னும் கட்டவில்லை, மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது.

ஆனால் கோமதிக்கு என்ன கேடு? அவளுக்குப் படகா போய்விடும்? வெளியே வரும்போது வராந்தாவில் என் கையைப் பிடித்தாள். "ஏன்ட்டி தலையாட்டுன?" என்றாள். கண் கலங்கியிருந்தது. செய்வதையும் செய்துவிட்டு அழுகை வேறு. நான் கையை உதறிக்கொண்டு தொட்டில் சேலையை அவிழ்க்கப் போய்விட்டேன். வேலை அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு ஒரு தடவை வீட்டுக்கு வந்தாள். இவர் வாசலில் நின்று, அவள் தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். ரொம்ப நேரம் அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, போகாமல் அங்கேயே சுற்றினாள். என்ன முகத்தை வைத்துக்கொண்டு வந்தாளோ.

இப்போது இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிறேன். இவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அப்படியே போக வேண்டும். அங்கேயும் குனிந்துதான் உட்கார வேண்டும். பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

படகா? படகு இன்னும் அவர்கள் சர்வேக்குத்தான் ஓடுகிறது. தப்பு என்னுடையது என்று ஆன பிறகு படகை எதற்கு விடுவார்கள்? கோமதிதான் இப்போது ஒவ்வொரு தடவையும் கூடப் போகிறாளாம். வாந்தி எடுத்து எடுத்துத் துரும்பாகிவிட்டாள் என்றார்கள், ஆனாலும் விடாமல் ஏறுகிறாளாம். அவள் ஏறினதிலிருந்து சர்வே நாளில் எங்கள் வீட்டுக்கு நண்டே வருவதில்லை. ஒரு நண்டு, பேருக்குக்கூட இல்லை. பொழுது சாய்ந்துதான் இவரும் வீட்டுக்கு வருகிறார். அந்தப் பொம்பளை ராசி அப்படி என்று சலித்துக்கொள்வார். பொம்பளை ஏறின படகுக்கு ஒன்றும் விழாது என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

என்ன கேட்டீர்கள்?

நண்டா? நண்டு கரையோரம்தான் கிடக்கும். கடல் புல், கோரை என்போம், அது இருக்கிற இடம், இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீர். கரை ஸ்டேஷனைச் சுற்றித்தான் எல்லோரும் வலை விடுவார்கள். ஆழ ஸ்டேஷனிலா? அங்கே ஏது? அங்கே போகிறவன் நண்டு வலையைப் படகில் ஏற்றவே மாட்டானே, இடத்தை அடைக்கும். போகிற வழியில் போட்டுவிட்டு வருகிற வழியில் எடுப்பதென்றாலும், போய் வர ஒரு பகல் ஆகும். ஒரு பகல் முழுக்க...

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குகிறீர்களா? உப்பளத்துக் காற்று, பிள்ளைக்குக் கண் எரியும்.

இவளுக்கு நான் நண்டு கொடுப்பதில்லை, தங்கச்சி. இவர் கடையில் வாங்கி வந்தாலும் செய்வதில்லை. பிள்ளைக்குச் சூடு என்று சொல்லிவிடுவேன். எனக்கே மணம் ஒத்துக்கொள்ளவில்லை. காலை உடைக்கிற சத்தம் கேட்டால் குமட்டுகிறது. ஏன் என்று தெரியாது என்றுதான் இத்தனை நாளும் இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் நிறுத்தம் வருகிறது. அந்த வேப்பமரம்தான். பெட்டியைச் சாய்க்காமல் எடுங்கள்.

ஒரு காரியம் செய்வீர்களா? ஜன்னல் பக்கம் அலமாரி இருக்கும், மேல்தட்டில் அந்த சீசன் பாட்டில்கள் இருக்கும். என் கையெழுத்துச் சீட்டு உள்ளே தெரியும், குண்டு குண்டாக எழுதியிருப்பேன். கொட்டியிருக்க மாட்டார்கள். கோமதி அக்கா எதையும் கொட்டுகிறவள் இல்லை. ஃபார்மலின் குறைந்திருந்தால் ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். காய்ந்துவிட்டால் எது எங்கே பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். என்றைக்காவது யாராவது அப்படியாம்மா என்று மறுபடி கேட்டால், அது இருக்க வேண்டும்.

நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

இல்லை, தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்கள். சொல்லுங்கள். ஜெனிட்டா சொன்னாள் என்றே அக்காவிடம் சொல்லுங்கள்.